கைவந்த கல்வி

உயிரித் தொழில்நுட்பவியல், நூலால் மட்டும் நிரம்பும் கல்வியன்று, கையாலும் பழகுதற்குரியது. ஆதலின் அதனைப் பயிலும் கல்லூரி மாணவர், ஆய்வுக்கூடங்களில் சில காலம் தங்கி உள்ளகப் பயிற்சி பெறுகின்றனர்.

திசு வளர்ப்புக் கூடத்தில் மாணவர் முதற்கண் கற்பது யாது? தூய்மையே. கலங்களையும் வளர்ப்பு ஊடகத்தையும் 121 பாகை செல்சியசு வெப்பமுள்ள அழுத்த நீராவியில் வைத்து நுண்ணுயிர்களை ஒழித்தல் வேண்டும். சிறிது பூஞ்சை புகுந்தாலும் பல வார உழைப்புப் பாழாகும். பின்னர், பிழையற நிறுத்தலையும் அளத்தலையும், கண்டதை அன்றன்றே ஏட்டில் குறித்தலையும் பழகுவர்.

இவ்வூடகமும் ஒரு மாணவர் உழைப்பில் தோன்றியதே. அமெரிக்க நாட்டு விசுகான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஸ்கூக்கிடம் பயின்ற முராசிகே என்பார், புதியதொரு வளர்ச்சி ஊக்கியைத் தேடினார். புகையிலைச் சாறு சேர்த்த திசு செழித்து வளர்ந்தது. ஆயினும் ஆராய்ந்தபோது, அச்செழிப்பிற்குப் பெருங்காரணம் சாற்றிலிருந்த கனிம உப்புகளே எனப் புலனாயிற்று. அவர் தளர்ந்தாரல்லர், உப்புகளின் அளவைத் திருத்தினார். ஆசிரியரும் மாணவரும் 1962இல் வெளியிட்ட அவ்வூடகம் இன்று உலகெங்கும் வழங்குகின்றது.

தேடியது கிட்டாவிடினும், கண்டதை உள்ளவாறே ஏற்கும் நேர்மை வேண்டும். அதனைக் கைப்பழக்கத்தோடு பெற்றவரே தொழிலுக்குத் தகுதியுடையராவர்.