நாகர்கோவில் மக்களவைத் தொகுதி (1952 – 2008): வெற்றிப் பட்டியலும் கூட்டணிப் பின்புலமும்

ஆய்வுச் சுருக்கம்

2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையால் நீக்கப்பட்ட நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் தி.மு.க.வோ அ.தி.மு.க.வோ ஒருமுறைகூட வென்றதில்லை. இதனைத் திராவிட இயக்கத்தின் வேரின்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருச்சொற்கள்: நாகர்கோவில், மக்களவைத் தேர்தல், கூட்டணி, தொகுதி மறுவரையறை.

முன்னுரை

நாகர்கோவில் தொகுதி 14 பொதுத்தேர்தல்களையும் 1969ஆம் ஆண்டின் இடைத்தேர்தலையும் கண்டது. இப்பதினைந்து முடிவுகளை, வென்ற கட்சியின் பெயரை மட்டும் கொண்டு நோக்குவதும் அக்கட்சி நின்ற அணியோடு சேர்த்து நோக்குவதும் வேறுவேறு முடிவுகளுக்கு இட்டுச்செல்கின்றன.

எல்லைப் போராட்டக் காலம்

முதல் பொதுத்தேர்தலின்போது இத்தொகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. தமிழ்ப்பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர் ஏ. நேசமணி அதில் வென்றார். மொழிவழி உரிமைக் குரல் தேர்தல் வெற்றியாகவும் வெளிப்பட்டது. 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. 1957இல் காங்கிரசின் தாணுலிங்க நாடாரும், 1962, 1967 தேர்தல்களில் அதே கட்சியின் சார்பில் நேசமணியும் வென்றனர்.

காமராசர் காலம்

1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகரில் தோற்ற காமராசர், நேசமணியின் மறைவால் 1969இல் நடந்த இடைத்தேர்தலில் இங்கு வென்றார். எதிர்த்து நின்ற சுதந்திராக் கட்சி வேட்பாளருக்குத் தி.மு.க.வின் ஆதரவு இருந்தது. 1971இல் தமிழகத்தில் ஸ்தாபன காங்கிரசு வென்ற ஒரே மக்களவைத் தொகுதியும் இதுவே. ஆளுங்கட்சி அணியை எதிர்த்துப் பெற்ற இவ்விரு வெற்றிகளும் காங்கிரசு மரபின் தனிவலிமையைக் காட்டுகின்றன.

கூட்டணிக் காலம்

1977 முதல் நிலை மாறுகிறது. அவ்வாண்டு வென்ற ஸ்தாபன காங்கிரசின் குமரி அனந்தன் தி.மு.க. அணியைச் சார்ந்தவர். என். டென்னிஸ் தொடர்ந்து ஆறுமுறை வென்றார். 1980இல் அவருடைய காங்கிரசு தி.மு.க.வுடனும், 1984, 1989, 1991 தேர்தல்களில் அ.தி.மு.க.வுடனும் அணிசேர்ந்திருந்தது. 1996, 1998 தேர்தல்களில் அவர் சார்ந்த தமிழ் மாநில காங்கிரசு தி.மு.க. அணியில் நின்றது. 1999இல் பாரதிய ஜனதா கட்சியின் பொன். இராதாகிருஷ்ணனும், 2004இல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏ.வி. பெல்லார்மினும் தி.மு.க. கூட்டணியிலேயே வென்றனர். கருத்தியலில் எதிரெதிரான இவ்விரு கட்சிகளும் அடுத்தடுத்து ஒரே அணியில் நின்று வென்றமை குறிப்பிடத்தக்கது.

ஆகவே, 1977க்குப் பின்னர் இரு திராவிடக் கட்சிகளுள் ஒன்றின் துணையின்றி இத்தொகுதியில் எவரும் வென்றதில்லை. வென்ற அணிகளில் இத்தொகுதி தோழமைக் கட்சிக்கே ஒதுக்கப்பட்டது. எனவே வெற்றிப் பட்டியலில் திராவிடக் கட்சிகளின் பெயரின்மையை வாக்காளர் மறுப்பாக மட்டும் கொள்ளலாகாது. தொகுதிப் பங்கீட்டின் விளைவாகவும் கொள்ளல் வேண்டும்.

நீக்கமும் தொடர்ச்சியும்

1977 முதல் 2004 வரை நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டாறு, விளவங்கோடு, கிள்ளியூர் ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கின. கன்னியாகுமரிச் சட்டமன்றத் தொகுதியோ திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. மறுவரையறையில் திருவட்டாறு நீக்கப்பட்டது, கன்னியாகுமரி சேர்க்கப்பட்டது, மாவட்டம் முழுவதும் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியாயிற்று. பெரும்பகுதி நிலமும் வாக்காளரும் தொடர்ந்தமையால் இந்நீக்கம் எல்லைத் திருத்தத்தோடு கூடிய பெயர்மாற்றமே எனலாம்.

2009இல் தி.மு.க.வின் ஜெ. ஹெலன் டேவிட்சன் வென்றார். 2014இல் தி.மு.க., அ.தி.மு.க. இரண்டின் துணையுமின்றிப் பொன். இராதாகிருஷ்ணன் வென்றார். கூட்டணிக் காலத்தின் இரு வழக்கங்களும் இவ்வாறு அடுத்தடுத்து முறிந்தன.

முடிவுரை

1971 வரையிலான முடிவுகள் காங்கிரசு மரபின் தனிவலிமையையும், பிந்தையவை கூட்டணியின் வலிமையையும் உணர்த்துகின்றன. இவ்விரு காலங்களையும் ஒன்றாக்கி நாகர்கோவிலைத் ‘தேசியக் கட்சிகளின் கோட்டை’ என்பது முழுமையான விளக்கமாகாது. நீக்கப்பட்ட பிற தொகுதிகளை ஆராய்வோரும் கட்சி, அணி, எல்லை ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.