கனவு தந்தது, நாம் சேர்த்தது

கனவு காணாதவர் எவருமில்லை. கண்ட கனவை எழுத்தாக்கியவர்களோ மிகச் சிலர். அதிலும், ஒரு கனவைக் கதையாக எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கனவு வந்து "என்னையும் எழுது" என்று நச்சரித்தால் என்ன செய்வது? முதலாவதைக் கைவிடுவதா, இரண்டாவதை மறப்பதா, இரண்டையும் ஒன்றாகப் பிசைந்துவிடுவதா? எழுத்தில் ஆர்வமுள்ள தங்கைகள் சிலர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். உயர்தரத்தில் தமிழ் இலக்கியம் கற்பவள் நான். தற்சமயம் அப்படியான இரண்டு ஆக்கங்கள் என் கையிலும் உள்ளன. ஆகவே வாசித்து அறிந்ததையும் செய்து பார்ப்பதையும் இங்கு எழுதுகிறேன். இச்சஞ்சிகையைப் பெற்றோரும் வாசிப்பார்கள். அவர்களிடம் சொல்லவும் ஒரு விடயம் இருக்கிறது.

முதலில் கனவு எப்படி மறந்துபோகிறது என்று பார்ப்போம். 1953ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியேல் க்ளைட்மன் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தூக்கத்தில் சில நேரங்களில் மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக அசைகின்றன. அந்நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானோர் கனவொன்றைச் சொல்கிறார்கள் என்பதே அதன் சாரம். ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் இந்தக் கட்டம், இரவு முடியும் பக்கமாக நீண்டுகொண்டே போகும். சுபஹுக்கு எழும்பும் நமக்கு இது ஒரு வசதி. கனவு அதிகமாக வரும் வேளையின் ஓரத்தில்தான் நாம் கண்விழிக்கிறோம். ஆனால் விழித்த கையோடு வேறு பேச்சில் இறங்கினால் கனவு கரைந்துவிடும்.

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் கதை இதற்குப் பேர்போனது. தூக்கத்தில் இருநூறு முந்நூறு வரிகள் தமக்குக் கிடைத்ததாகவும், எழும்பி எழுதிக்கொண்டிருக்கையில் போர்லொக் என்ற ஊரிலிருந்து ஒருவர் அலுவலாக வந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாமதப்படுத்தியதாகவும், திரும்பி வந்தபோது மிச்சமெல்லாம் மறைந்துவிட்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். 1816இல் அச்சான 'குப்ளா கான்' கவிதையில் 54 வரிகளே உள்ளன. (நமது வீடுகளில் போர்லொக்கிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. "மகள், கடைக்குப் பாண் வந்திட்டா பாருங்க" என்ற ஒரு குரலே போதும்.) அதே 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் 18 வயதுப் பெண்ணொருத்திக்குத் தூக்கம் வராத இரவொன்றில் தோன்றிய காட்சிதான் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலாயிற்று. அவர் மேரி ஷெல்லி. வயதைக் கவனியுங்கள் தோழியரே.

இவர்களெல்லாம் ஒரு கனவைக் கையில் வைத்திருந்தவர்கள். நமது கேள்வி இரண்டு மூன்றை வைத்திருப்பவர்களைப் பற்றியது. அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ரொபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். 1885இல் இங்கிலாந்தின் போர்ண்மத் நகரில் நோயாளியாக இருந்துகொண்டு அவர் எழுதினார். 'கிட்னாப்ட்' என்ற சாகச நாவலை ஆரம்பித்து இடையில் நிறுத்தியிருந்தார். அந்த நேரத்தில் ஒரு கனவு வந்தது. அதிலிருந்து 'டொக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' பிறந்து 1886 ஜனவரியில் வெளியானது. நிறுத்தி வைத்த நாவலையும் முடித்து அதே ஆண்டில் வெளியிட்டார். 'ஒலல்லா' என்ற சிறுகதையும் அதே காலத்தில் கனவிலிருந்து வந்ததுதான்.

இவரால் எப்படி முடிந்தது? 1888இல் கனவுகள் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்றில் அதற்கு விடை இருப்பதாக நான் நினைக்கிறேன். அதில் அவர் ஒரு கடைக்காரர் கணக்குக் காட்டுவது போலக் கணக்குக் காட்டுகிறார். ஜெக்கில் கதையில் கனவு தந்தது சன்னலோரக் காட்சி ஒன்றும், துரத்தப்படும் ஹைட் தூளைக் குடித்துப் பிறர் கண்முன்னே உருமாறும் காட்சியும்தான். மற்றதெல்லாம் விழித்திருந்து செய்த வேலை. ஒலல்லா கதையில் முற்றமும், தாயும், ஒலல்லாவும், படிக்கட்டுச் சந்திப்பும், உடைந்த சன்னலும், கடிக்கும் கோரக்காட்சியும் கனவுக்குரியவை. வெளிச் சூழலும், சுவரிலுள்ள உருவப்படமும், பிலிப்பே என்ற பாத்திரமும், பாதிரியாரும் அவர் சேர்த்தவை. எது யார் வரவு என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அதனால் ஒரு கதை இன்னொரு கதைக்குள் கலக்கவில்லை.

இந்தக் கணக்கு நமக்கு இன்னொரு வகையிலும் தேவை. காணாத கனவைக் கண்டதாகச் சொல்பவர் மறுமையில் இரண்டு வாற்கோதுமை மணிகளை முடிச்சுப்போடும்படி பணிக்கப்படுவார், அவரால் அது முடியாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை ஒன்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. கனவுக்கதை எழுதும் பிள்ளை இதை நினைத்து அஞ்சுவது நியாயமே. நான் கடைப்பிடிப்பது இதுதான்: 'நான் கண்ட கனவு' என்று எழுதினால் கண்டதை மட்டும் எழுதுவேன். ஒன்றைக் கூட்டினாலும் அதற்குக் 'கதை' என்று பெயர் வைத்து, வேறொரு பாத்திரத்தின் வாயால் சொல்வேன். கொப்பியின் பக்கத்தை நடுவே கோடிட்டு, ஒரு பக்கம் 'கனவு தந்தது', மறுபக்கம் 'நான் சேர்த்தது' என்று தலைப்பிட்டால் இந்தப் பிரிவு தானாகவே கண்ணுக்குத் தெரியும்.

என் இரண்டு ஆக்கங்களையே எடுத்துக்கொள்வோம். எங்கள் வீடு இரத்தினபுரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்டமும் இறப்பர்த் தோட்டமும் முட்டிக்கொள்ளும் ஒரு சந்தியில் இருக்கிறது. வாப்பாவின் பலசரக்குக் கடையும் அங்கேதான். கொஞ்சம் கீழே போனால் வயலோரத்தில் மாணிக்கக்கல் தோண்டும் குழிகள் உண்டு. மரத்தடிகளை அடுக்கி, மண் சரியாமலிருக்கப் பன்னச் செடிகளைச் செருகியிருப்பார்கள். கல் கிடைக்கும் சரளைமண் படைக்கு இங்கே 'இல்லம்' என்று பெயர். அது சிங்கள வழக்கு. ஆனால் தமிழ்ப் பிள்ளையின் காதுக்கு அது வீடு அல்லவா? ஒரு விடியற்காலையில் நான் அப்படியொரு குழிக்குள் இறங்குவதாகக் கனவு கண்டேன். அடியில் சரளைமண் இல்லை; மௌத்தாகிப்போன எங்கள் உம்மும்மாவின் குசினி இருந்தது. கல் கழுவும் வட்டக் கூடையில் அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கனவு தந்தது இவ்வளவே. வீட்டை ஈடுவைத்துக் குழியில் பங்கு எடுக்கும் ஒரு தகப்பனையும், அதை அறிந்தும் பேசமுடியாத மகளையும் நான் சேர்த்தேன். இல்லத்தை வைத்து இல்லம் தேடும் கதை அது.

மற்றது பிரட்டுக்களம். முன்பு படித்த பாடசாலையில் என் பக்கத்தில் இருந்தவள் ஒரு தோட்டத்துத் தோழி. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுவிட்டு இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். கணக்கில் என்னை விடக் கெட்டிக்காரி. கனவில், கொழுந்துக் கூடையுடன் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். பேர் கூப்பிடுகிறார்கள். அவள் பேர் வருகிறது. யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அங்கேயே விழித்துவிட்டேன். இதற்கு நான் இன்னும் எதையும் சேர்க்கவில்லை. கதையாக்கினால் நான் பதில் சொன்னேனா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டி வரும். அதனால் கவிதைகளாக வைத்திருக்கிறேன்.

சில வாரங்களின் பின் அதே தோழி மாணிக்கக் குழியருகே நிற்பதாக மூன்றாவது கனவு வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிவிடச் சொல்லும் ஆசை இப்படித்தான் வரும். அப்போது கொப்பியைத் திறந்து, ஒவ்வோர் ஆக்கமும் எதைப் பற்றியது என்று ஒரே வரியில் எழுதிப் பார்க்கவேண்டும். ஒன்று வீட்டைப் பற்றியது, மற்றது பேரைப் பற்றியது. தோழி பேரின் பக்கம். குழி அங்கே வெறும் பின்னணி. ஆகவே மூன்றாவது கனவைக் கவிதைக் கொப்பியில் பதிந்தேன்.

ஒரே ஏக்கம் பல ஆக்கங்களாகப் பிரிவது எப்படி என்பதைப் பேகம் ரொக்கையா ஸகாவத் ஹுசைனிடம் கற்கலாம். 1880இல் இன்றைய பங்களாதேஷின் இரங்பூர்ப் பகுதியிலுள்ள பைராபந்து கிராமத்தில் பிறந்தவர். பெண்பிள்ளைகள் வங்காளமும் ஆங்கிலமும் படிப்பதை விரும்பாத குடும்பம். ஆங்கிலத்தை நானா இப்ராஹீம் ஸாபிர் இரவில் வீட்டார் உறங்கிய பின் சொல்லிக்கொடுத்தார். வங்காளத்தை ராத்தா கரீமுன்னிஸா ஊக்குவித்தார். அந்த ராத்தாவும் கவிதை எழுதியவர்தான். சிறுவயதிலேயே திருமணம் முடித்து வைக்கப்பட்டார்.

ரொக்கையாவின் கணவர் பாகல்பூரில் உதவி நீதவானாக இருந்தார். அவர் சுற்றுப்பயணம் போயிருந்த நாட்களில் தனித்திருந்த ரொக்கையா ஆங்கிலத்தில் ஒரு சிறுகதை எழுதினார். திரும்பி வந்த கணவர் உட்காரவும் மறந்து நின்றபடியே அதை வாசித்து முடித்தாராம். அதுதான் 'சுல்தானாவின் கனவு'. சாய்மனைக் கதிரையில் கண்ணயரும் சுல்தானாவை ஸாரா என்ற பெண் ஒரு நாட்டுக்கு அழைத்துப்போகிறாள். அங்கே ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நேராக நீர் எடுக்கிறார்கள், ஆகாய வண்டியில் பறக்கிறார்கள். அந்த வண்டியிலிருந்து வழுக்கி விழும்போது சுல்தானா விழித்துக்கொள்கிறாள். இக்கதை 1905இல் அச்சான இடம் நமக்கு அயலே உள்ள சென்னை. கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மகஸின்' அதை வெளியிட்டது. இங்கே கனவு கதையின் வடிவம். அதைக் காண்பவள் சுல்தானா என்ற பாத்திரம். மேலே நான் சொன்ன பிரிவுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது.

அதே காலத்தில் அவர் கையில் வேறு இரண்டு வேலைகளும் இருந்தன. ஒன்று 'மோதிசூர்' என்ற கட்டுரைத் தொகுதி. மற்றது ஒரு நாவல். பல மதங்களையும் ஊர்களையும் சேர்ந்த, ஆதரவற்ற பெண்கள் ஒன்றாக வாழ்ந்து பாடசாலையும் கைத்தொழிலும் நடத்தும் ஓர் இல்லத்தின் கதை. மூன்றிலும் ஏக்கம் ஒன்றுதான்: பெண் படிக்கவேண்டும், உழைக்கவேண்டும். ஆனால் உலகில் நடக்கவே முடியாதது கனவுக்கதைக்குப் போயிற்று. முயன்றால் நடக்கக்கூடியது நாவலுக்குப் போயிற்று. வாதாடவேண்டியது கட்டுரைக்குப் போயிற்று. நாவலை ஏறக்குறைய 1902இல் எழுதினார். அது வெளிவந்ததோ 1924இல். நடுவில் 1909இல் கணவரை இழந்தார். 1911இல் கல்கத்தாவில் 8 மாணவிகளுடன் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். 22 வருடம் கிடந்த கையெழுத்துப் பிரதி வீணாகவில்லை. அதை அந்த இரவு ஆசிரியரான நானாவுக்கே சமர்ப்பணம் செய்தார். நாவலின் பெயர் 'பத்மராக்'. நம்மூர் வியாபாரிகள் பத்மராகம் என்பார்களே, அதுதான். இரத்தினபுரிப் பிள்ளைக்கு இந்தப் பெயரை மறக்க முடியுமா?

இனி நேரத்துக்கு வருவோம். உயர்தர வருடத்தில் பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. எங்கள் உம்மா கேட்டது இப்படி: "கனவ எழுதிப் பாஸாக ஏலுமா மகள்?" ஏலாதுதான் உம்மா. ஆனால் பரீட்சை முடியும்வரை எழுத்தை முற்றாக நிறுத்தச் சொல்லும் பெற்றோருக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். பாடக்குறிப்பு அலுமாரியில் காத்திருக்கும், கனவு காத்திருக்காது. சுபஹு தொழுத கையோடு பத்து நிமிடம் கொடுங்கள். கனவு கொப்பிக்குப் போய்விடும். முழுமையாக எழுதுவதற்கு ஞாயிறு அஸருக்குப் பின் ஒரு மணித்தியாலம் போதும். அந்த நேரம் ஒரே ஓர் ஆக்கத்துக்கு மட்டுமே உரியது. மற்றதற்குக் குறிப்பு மட்டும். நித்திரையைக் குறைத்து எழுதுவதை நானும் ஆதரிக்கவில்லை. நித்திரை குறைந்தால் கனவுதான் முதலில் குறையும்.

கனவை யாரிடம் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். நபி யூசுப் (அலை) அவர்கள் தம் கனவைத் தந்தையிடம் சொன்னார்கள்; சகோதரர்களிடம் சொல்லவேண்டாமெனத் தந்தை தடுத்தார்கள். எழுதி முடியாத கதையை வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தால், எழுதும் ஆசை சொல்லிலேயே தீர்ந்துவிடும். ஒருவர் போதும். எனக்கு அந்த ஒருவர் உம்மும்மாவின் குசினியை அறிந்த என் ராத்தா. அரிசி களையும் கூடையைப் பற்றி வாசித்துவிட்டு, "உம்மும்மா இடது கையாலதான் களையிற" என்றார். அதை 'நான் சேர்த்தது' பக்கத்தில் எழுதினேன்.

மாணிக்கக் குழிக் கதை இப்போது மூன்றாம் தடவையாக எழுதப்படுகிறது. இவ்வருடத் தமிழ்மொழித் தினப் போட்டிக்கு அதை அனுப்ப எண்ணம், இன்ஷா அல்லாஹ். பிரட்டுக்களக் கவிதைகள் ஐந்து, கொப்பியில் இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் பரீட்சை முடிந்து வரும் முதல் ஞாயிறின் திகதியும் அதன் கீழே தோழியின் பேரும் எழுதியிருக்கிறேன். அச்சேற்ற முன் அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டும்.