மடுப் பக்கம் போகவா, வீட்டில் நிற்கவா?

கேள்வி: மூத்தவள் ஆண்டு இரண்டு, சின்னவனுக்கு ஒன்றரை வயது. கலியாணத்துக்கு முதலே மரியாயின் சேனையில் இருக்கிறேன். சனி ஞாயிறில் மடுப் பக்கக் கிராமங்களுக்கு வீடு சந்திக்கப் போகும் குழுவில் என்னையும் கேட்கிறார்கள். இவர் விடியப்புறம் கடலால் வந்தால் வலையில் மீன் கழற்ற நானும் நிற்கவேணும். மாமி, "கடவுளுக்குச் செய்யிறதை வீட்டில இருந்து செய்" என்கிறா. போகாவிட்டால் மனம் உறுத்துகிறது. போனால் பிள்ளையின் அழுகைதான் காதில் நிற்கிறது.
- ஒரு தாய், பேசாலை

பதில்: தங்கச்சி, மாமி சொல்வதில் பாதி சரி.

இத்தாலியின் புனித ஜியன்னா பெரெத்தா மொல்லா ஒரு வைத்தியர். பிரேசிலில் மறைபரப்புப் பணியிலிருந்த குருவான அண்ணனோடு சேர்ந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்க ஆசைப்பட்டார். உடம்பு இடங்கொடுக்கவில்லை. 1955இல் கலியாணம் முடித்தார். நான்காவது பிள்ளைக்காக 1962இல் உயிர் கொடுத்ததைத்தான் பிரசங்கத்தில் சொல்வார்கள். (கர்ப்பிணிகள் இருக்கும் சபையில் அதை மட்டும் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.) மெசேரோவில் 1950இல் திறந்த சிகிச்சை நிலையத்தை, மூன்று பிள்ளைகள் பிறந்த பின்னும் அவர் விடவில்லை என்பதை யார் சொல்கிறார்கள்? தூரத்துப் பணி கிட்டவில்லை. பக்கத்து ஊரில் அதே பணியைச் செய்தார்.

நம் மண்ணிலும் பாருங்கள். ஒல்லாந்தருக்குத் தப்பி 1670இல் மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தோடு மடுக் காட்டுக்குப் போனவை இருபது குடும்பங்கள் என்பது மரபு. யோசேப் வாஸ் அடிகள் இலங்கைக்கு வந்தது 1687இல். அதுவரை குருமாரில்லாமல் விசுவாசத்தைக் காத்தவர்கள் பிள்ளைகுட்டிக்காரர்தான்.

ஒன்றரை வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு இப்போது வாராவாரம் மடுப் பக்கம் போகவேண்டாம். சேனையை விட்டும் விலகவேண்டாம். இருவர் இருவராக வீடு சந்திப்பதுதானே சேனையின் வழமை? பேசாலையிலேயே பிள்ளை பெற்ற வீடு, படுக்கையில் கிடக்கும் ஆச்சி வீடு எத்தனை இருக்கும்! கிழமைக்கு ஒரு பின்னேரம், துணைக்கு ஒருத்தியோடு போங்கள். அதுவும் முடியாவிட்டால் துணை அங்கத்தவராக மாறிச் செபத்தை மட்டும் தொடரலாம்.

அந்தப் பின்னேரம் பிள்ளைகளைப் பார்ப்பது தகப்பன் பொறுப்பு. இதை வலையடியில் வைத்துப் பேசவேண்டாம். அவர் நித்திரை கொண்டு எழும்பிய பிறகு பேசுங்கள். சின்னவன் முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மடுப் பயணத்தைத் திரும்ப யோசிக்கலாம். குழுவிடம் இதைச் சொல்லும்போது குற்றவாளிபோலத் தலை குனிந்து சொல்லாதீர்கள்.