பெரிய எஞ்சின் மட்டும் போதுமா?



போன இதழில் "வீட்டில் நாம் செய்து பார்த்த அறிவியல்" என்ற தலைப்பில் எழுதச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் எலுமிச்சம்பழ பேட்டரி, எரிமலை என்று எழுதுவார்கள். நான் எங்கள் சித்தப்பாவின் மாருதி காரைப் பற்றி எழுதுகிறேன். "பொம்பளப் புள்ளைக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?" என்று யாரும் சிரிக்க வேண்டாம். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது முழுக்க நான்தான்!

கார் வந்த கதை

சித்தப்பா டவுனில் ஒரு பட்டறையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவர். இப்போது எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையிலேயே வண்டி ரிப்பேர் பார்க்கிறார். அவர் சொந்தமாக வாங்கியது 1997 மாடல் மாருதி 800.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். முதல் மாருதி 800 காரின் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி டெல்லியைச் சேர்ந்த ஒருவருக்குக் கொடுத்தார். 2014-இல் இந்தக் கார் செய்வது நிறுத்தப்பட்டது. முப்பது வருஷம்! நடுத்தரக் குடும்பங்கள் பல முதன்முதலில் வாங்கிய கார் இதுதான். எடை சுமார் 650 கிலோ. டயர் 12 இஞ்ச். சின்ன வண்டி, சின்ன எஞ்சின்.

சித்தப்பாவின் வண்டி எஞ்சின் தேய்ந்துபோய் ஆயில் குடித்தது. பின்னால் நீலப் புகை. மேட்டில் ஏறும்போது முக்கும். போர் போட்டுப் புது பிஸ்டன் மாட்டினால் சரியாகிவிடும். ஆனால் அவருக்கு வேறு ஆசை வந்துவிட்டது. "ஜென் கார் எஞ்சினைத் தூக்கி இதுல வச்சா பறக்கும் ஆத்தா!" என்றார். சென்னை புதுப்பேட்டைக்குப் போய் பழைய ஜென் எஞ்சினைக் கியர் பாக்ஸோடு வாங்கி லாரியில் போட்டுக் கொண்டுவந்தார்.

சி.சி. என்றால் என்ன?

800, 1000 என்று சொல்கிறார்களே, அது என்ன? எனக்கும் முதலில் தெரியாது. எஞ்சினுக்குள் உருளை வடிவ அறைகள் இருக்கும். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். பிஸ்டன் ஒரு தடவை நகரும்போது அடைக்கிற இடத்தின் கன அளவுதான் சி.சி., அதாவது கன சென்டிமீட்டர்.

உருளையின் கன அளவுக்கு உள்ள சூத்திரத்தை அக்கா சொல்லிக்கொடுத்தாள். 22/7 × ஆரம் × ஆரம் × உயரம். நானே போட்டுப் பார்த்தேன்.

மாருதி 800: உருளையின் விட்டம் 6.85 செ.மீ. பிஸ்டன் நகரும் தூரம் 7.2 செ.மீ. உருளைகள் 3. விடை கிட்டத்தட்ட 796 சி.சி.

ஜென்: விட்டம் 7.2 செ.மீ. நகரும் தூரம் 6.1 செ.மீ. உருளைகள் 4. விடை கிட்டத்தட்ட 993 சி.சி.

விடை சரியாக வந்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கணக்குப் புத்தகத்தில் இருந்த உருளை எங்கள் கொட்டகையில் எண்ணெய் அப்பிக் கிடந்தது! அறை பெரிதானால் உள்ளே போகும் காற்றும் பெட்ரோலும் அதிகம். எரியும் எரிபொருள் அதிகமானால் சக்தியும் அதிகம். மாருதி எஞ்சின் 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. சித்தப்பா வாங்கி வந்த பழைய ஜென் எஞ்சின் 50 குதிரைத்திறன்.

எஞ்சினைக் கழற்றிய விதம்

சனி, ஞாயிறு மட்டும் வேலை. நாலு வாரம் ஆனது. செய்த வரிசை இதுதான்.

1. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் ஸ்பேனர் பட்டுத் தீப்பொறி வரும். பெட்ரோல் இருக்கிற இடத்தில் அது ஆபத்து.

2. ரேடியேட்டர் தண்ணீரை வடித்தோம். அதில் கலந்திருக்கும் கூலண்ட் விஷம். நாய், கோழி குடித்துவிடாமல் மூடி போட்ட கேனில் பிடித்தோம். எஞ்சின் ஆயிலையும் அப்படியே.

3. வயர்களையும் ஓஸ்களையும் கழற்றினோம். ஒவ்வொன்றிலும் பேப்பர் துண்டில் பெயர் எழுதிக் கட்டியது என் வேலை. நட்டு போல்ட்டுகளைக் கொட்டாங்குச்சிகளில் தனித்தனியாகப் போட்டு வைத்தேன். சித்தப்பா இதற்கு மட்டும் என்னைப் பாராட்டினார்.

4. சைலன்சர் பைப், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், சக்கரத்துக்குப் போகும் இரண்டு ஆக்சில் ஆகியவற்றைக் கழற்றினோம்.

5. மூன்று இரும்புப் பைப்பை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக்கில் மாட்டி எஞ்சினைத் தூக்கினோம். தூக்கும்போது கீழே கை, கால் நீட்டவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் கூடாது. கட்டையோ ஸ்டாண்டோ முட்டுக் கொடுக்க வேண்டும்.

மாட்டுவதில் வந்த மல்லுக்கட்டு

கழற்றியது சுலபம். மாட்டுவதுதான் கஷ்டம். மூன்று உருளை இருந்த இடத்தில் நாலு உருளை எஞ்சின் குறுக்காக உட்கார வேண்டும். இரண்டு விரல் இடைவெளிதான் மிச்சம். பழைய மவுண்டிங் பொருந்தவில்லை. சித்தப்பா அட்டையில் அளவு வெட்டி, வெல்டிங் பட்டறையில் புது பிராக்கெட் செய்து வந்தார். ஆக்சில் நீளம் ஒத்து வரவில்லை. சைலன்சர் பைப்பை வெட்டி ஒட்டினார். பழைய ரேடியேட்டர் புது எஞ்சினின் சூட்டைத் தாங்கவில்லை. பத்து நிமிஷத்தில் கொதித்தது. பெரிய ரேடியேட்டர் வாங்கினார்.

இங்கே நான் கவனித்தது ஒன்று. எஞ்சினை மட்டும் மாற்றுகிறோம் என்று ஆரம்பித்தோம். ஆனால் அது தன்னோடு சேர்ந்த ஒவ்வொன்றையும் "நீயும் மாறு, நீயும் மாறு" என்று கூப்பிட்டது. மவுண்டிங் மாறியது. ஆக்சில் மாறியது. ரேடியேட்டர் மாறியது. கூப்பிடாமல் சும்மா இருந்தது ஒன்றே ஒன்று: பிரேக். பொருந்தாத பாகம் பொருந்தவில்லை என்று உடனே காட்டிவிடும். பிரேக் பழைய இடத்திலேயே நன்றாகப் பொருந்தி இருந்ததால் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

நான் போட்ட கணக்கு

அந்த வாரம்தான் அறிவியல் வகுப்பில் இயக்க ஆற்றல் நடந்தது. ½ × நிறை × வேகம் × வேகம். வேகம் இரண்டு தடவை பெருக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். வண்டியும் ஆட்களும் சேர்ந்து 800 கிலோ என்று வைத்து நோட்டில் போட்டேன்.

மணிக்கு 45 கி.மீ. வேகத்தில்: 62,500 ஜூல்.
மணிக்கு 70 கி.மீ. வேகத்தில்: சுமார் 1,51,000 ஜூல்.

வேகம் ஒன்றரை மடங்கு கூடியது. ஆற்றலோ கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு! இதை முழுக்க பிரேக்தான் சூடாக மாற்றித் தீர்க்க வேண்டும். சைக்கிளில் இறக்கத்தில் பிரேக் பிடித்து வந்து பிரேக் கட்டையைத் தொட்டுப் பாருங்கள், புரியும்.

நிற்கும் தூரத்தையும் போட்டேன். ஆபத்தைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 6 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொண்டேன்.

45-இல் போனால் நிற்க சுமார் 26 மீட்டர்.
70-இல் போனால் நிற்க 51 மீட்டர்.
90-இல் போனால் நிற்க 77 மீட்டர்.

நோட்டை எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன். அவர் கார்பரேட்டரை டியூன் செய்துகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். "என்ன ஆத்தா?" என்றார். "ஒண்ணுமில்ல சித்தப்பா" என்று திரும்பிவிட்டேன். எட்டு வருஷம் பட்டறையில் இருந்தவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

வெள்ளோட்டம். முன் சீட்டில் நானும் உட்கார்ந்தேன். பெல்ட் போடச் சொன்னார், போட்டேன். கண்மாய்க்கரை ரோட்டில் பழைய எஞ்சின் முக்கி முக்கி 45 போகும். இப்போது முள் சர்ரென்று 70-க்குப் போனது. சித்தப்பா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

மதகு பக்கத்தில் ஆடுகள் மேலேறி வந்தன. சித்தப்பா பிரேக்கை மிதித்தார். பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிடித்தது. ஆனால் 45-க்கு நிற்கிற தூரத்தில் 70-க்கு நிற்காது. கடைசி ஆட்டின் பின்னங்காலில் பட்டுத்தான் வண்டி நின்றது.

அது பக்கத்து வீட்டு அப்பத்தாவின் ஆடு. கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் சிம்பு வைத்துக் கட்டுப்போட்டார். பிழைத்துவிட்டது. இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறது. செலவைச் சித்தப்பா கொடுத்தார். அப்பத்தா ஒன்றும் திட்டவில்லை. ஆட்டின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

வீட்டில் அம்மா, "தம்பி, ஆட்டுக் காலுக்குப் பதிலா எம்புள்ள காலா இருந்தா என்ன செய்வீங்க?" என்றார். சித்தப்பா தலை குனிந்து நின்றார்.

ராத்திரி நான் நோட்டைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "இத ஏன் ஆத்தா முன்னாடியே சொல்லல?" என்றார். "திட்டுவீங்கன்னு நெனச்சேன்" என்றேன். "திட்டிருப்பேன்தான். ஆனா யோசிச்சிருப்பேன்ல" என்றார். அந்த வார்த்தை என் மனசில் அப்படியே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரேக்கையும் மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா என்று சித்தப்பா விசாரித்தார். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. ஆர்.சி. புக்கில் எஞ்சின் நம்பரும் சி.சி.யும் எழுதியிருக்கும். வண்டி செய்தவர்கள் கொடுத்த அளவிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டப்படி, மீறினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கேஸுக்கோ பேட்டரிக்கோ மாற்ற, அங்கீகரிக்கப்பட்ட முறையில் செய்தால் வழி உண்டு.

அது மட்டுமில்லை. ஆர்.சி. ஒன்று சொல்லி வண்டி வேறாக இருந்தால், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போது சிக்கல் வரும். ஆட்டுக்குக் கையில் இருந்த காசைக் கொடுத்தோம். ஒரு மனிதருக்கு நடந்திருந்தால் எதைக் கொடுப்பது?

சித்தப்பா ஜென் எஞ்சினை இறக்கிவிட்டார். பழைய எஞ்சினுக்குப் போர் போட்டு, புது பிஸ்டன், ரிங் மாட்டி வைத்தார். பிரேக்கையும் பிரித்து முழுசாகப் பார்த்தார். மறுபடியும் நாலு வாரம். என் பேப்பர் துண்டுகளும் கொட்டாங்குச்சிகளும் அப்போதும் உதவின. இப்போது புகை இல்லை. 60-க்கு மேல் அவர் ஓட்டுவதும் இல்லை.

நான் கற்றது

ஒரு பொருளில் ஒன்றைப் பெரிதாக்கினால், அதைத் தாங்குவதும் குளிர்விப்பதும் நிறுத்துவதும் சேர்ந்து பெரிதாக வேண்டும். ஓடும் சக்தியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். நிற்கும் சக்தியை யோசித்தால்தான் பெற முடியும்.

இன்னொன்று. கணக்கு நோட்டிலேயே இருந்தால் யாருக்கும் பயன் இல்லை. பெரியவர்களிடம் மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். நான் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் அந்த ஆடு இன்றைக்கு நொண்டாது.

ஜென் எஞ்சின் இப்போது கொட்டகையில் ஸ்டாண்டு மேல் இருக்கிறது. தலைமை ஆசிரியர் அனுமதி தந்தால், வரும் அறிவியல் கண்காட்சிக்குச் சித்தப்பா அதைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். பிஸ்டன் எப்படி நகர்கிறது என்று கையால் சுற்றிக் காட்டலாம். விளக்கம் நான் சொல்வேன்!

உங்களுக்கு ஒரு கணக்கு: மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, மேலே சொன்ன முறைப்படி நிற்க எத்தனை மீட்டர் வேண்டும்? விடையை ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் தரவும். சரியான விடை சொல்பவர் பெயர் அடுத்த இதழில் வரும்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி