முள்காட்டை அழிக்க டிராக்டர் வாங்குவோர் அறிய வேண்டியவை



இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் உள்ள நம் குடும்பங்கள் பலவற்றுக்கு ஊரில் இரண்டு ஏக்கரோ ஐந்து ஏக்கரோ நிலம் உண்டு. அத்தா காலத்தில் நெல்லும் மிளகாயும் விளைந்த நிலம் அது. பிள்ளைகள் சவூதிக்கும் துபாய்க்கும் சென்னைக்கும் போய்விட, இருபது முப்பது ஆண்டுகளில் சீமைக் கருவேல் ஏறி முள்காடாகிவிட்டது. இப்போது வெளிநாட்டிலிருந்து திரும்பும் தம்பிகள் சிலர், கையில் உள்ள சேமிப்பைப் போட்டுப் புது டிராக்டர் வாங்கி நிலத்தைத் திருத்தப் போவதாகச் சொல்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பத்து லட்சத்தை ஒரே நாளில் கொடுத்துவிட்டுப் பிறகு யோசிப்பதைவிட, சில கணக்குகளையும் சில முறைகளையும் முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அதற்காகவே இந்தப் பாடம்.

வாங்குவதா, வாடகையா?

டிராக்டரை மதிப்பிட நாம் வழக்கமாகக் கேட்பது, "எத்தனை எச்.பி.?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது, "ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?" என்பது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியும் கருவிகளும் சேர்ந்து 10 லட்சம் என்று வையுங்கள். பத்து ஆண்டு கழித்து 3 லட்சத்துக்கு விற்கிறோம். அப்படியானால் ஆண்டுக்கு 70,000 ரூபாய் தேய்மானம். இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, ரிப்பேர் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000. ஆக 1,10,000 ரூபாய். வண்டி 1,000 மணி நேரம் ஓடினால் இது மணிக்கு 110 ரூபாய்தான். 200 மணி நேரம் மட்டும் ஓடினால் மணிக்கு 550. இதோடு மணிக்கு 5 லிட்டர் டீசல், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 500. டிரைவர் கூலி 150. ஆக 1,000 மணி ஓடும் வண்டிக்கு மணிக்கு 760 ரூபாய் செலவு. 200 மணி ஓடும் வண்டிக்கு 1,200 ரூபாய். உங்கள் ஊரில் டிராக்டர் வாடகை எவ்வளவு என்று விசாரித்து, இந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐந்து ஏக்கர் சொந்த நிலத்துக்கு ஆண்டு முழுவதும் உழவு ஓட்டினாலும் ஏறத்தாழ 30 மணி நேர வேலைதான் இருக்கும். அதற்காக மட்டும் புது வண்டி வாங்கினால், ரிப்பேர் செலவைக் குறைத்துப் போட்டால்கூட மணிக்கு 3,000 ரூபாய்க்குக் குறையாது. ஆகவே சொந்த நிலத்தோடு அக்கம்பக்கத்து உழவும் நிச்சயமாகக் கிடைக்கும் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் வாடகையே மேல். அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், புல்டோசர் போன்றவற்றை வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலி வழியாகவும் பதியலாம். கருவிகளுக்கு மானியம் உண்டா என்பதையும் அந்த அலுவலகத்திலேயே, வாங்குவதற்கு முன்பே போய்க் கேளுங்கள்.

வண்டி இறங்குமுன்

முள்காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியில் நின்று பார்த்தால் தெரியாது. எனவே வண்டியை இறக்கும் முன் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும்.

முதலாவது, பட்டாவைப் பாருங்கள். பல நிலங்கள் இன்னும் பாட்டனார் பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருக்கின்றன. சர்வேயரை அழைத்து அளந்து, எல்லைக் கல் இருக்கும் இடத்தில் உயரமாகக் கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுங்கள். இயந்திரம் ஒரு கல்லைப் பெயர்த்துவிட்டால், பக்கத்து நிலத்துக்காரரோடு அடுத்த தலைமுறை வரை தகராறுதான்.

இரண்டாவது, பழைய கிணற்றைத் தேடுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணற்றின் மேல் முள் படர்ந்து, தரைபோலவே தெரியும். ஊரில் வயதானவர் ஒருவரை அழைத்துப் போய்க் கேட்டால் இடத்தைக் காட்டுவார். அதைச் சுற்றி இருபது அடிக்காவது கயிறு கட்டி, வண்டி அந்தப் பக்கம் போகாமல் பாருங்கள்.

மூன்றாவது, விறகுக்காரரிடம் பேசும் பேச்சைத் தெளிவாகப் பேசுங்கள். கரிமூட்டத்துக்கு விறகு தேவைப்படுவதால், "காசே வேண்டாம், வெட்டிச் சுத்தம் செய்து தருகிறேன்" என்று ஆட்கள் வருவார்கள். அவர்கள் தரைமட்டத்தில் வெட்டிக்கொண்டு போய்விட்டால், அடித்தூரிலிருந்து ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டு முளைக்கும். முன்பைவிட அடர்த்தியான புதர்தான் மிஞ்சும். தூரையும் சேர்த்துத் தோண்டி எடுப்பதாக இருந்தால் மட்டும் சம்மதியுங்கள். தூர்க்கட்டைக்கும் விலை உண்டு. அந்தப் பணம் பொக்லைன் வாடகையில் ஒரு பகுதிக்காவது ஆகும்.

எந்த வேலைக்கு எந்தக் கருவி

பெரிய மரத்தை வேரோடு பிடுங்குவது டிராக்டரின் வேலை அல்ல, பொக்லைனின் வேலை. சீமைக் கருவேலின் ஆணிவேர் மிக ஆழம் போகும். முழு வேரையும் எடுக்க முடியாது, எடுக்கவும் தேவையில்லை. மீண்டும் முளைக்கும் கண்கள் தூரிலும் அதை ஒட்டிய மேல்வேரிலும்தான் இருக்கின்றன. தரைக்குக் கீழே ஒன்றரை அடி வரை தோண்டி அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் போதும்.

டிராக்டரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பொக்லைன் போன பின் ஆட்களை விட்டு முள்ளையும் வேரையும் பொறுக்குங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு நாள் கூலியை மிச்சம் பிடித்தால், டயர் பஞ்சரில் அதைவிட அதிகமாகப் போய்விடும். முன் டயரின் ட்யூபை இந்த முள் சுலபமாகத் துளைத்துவிடும்.

பிறகு சட்டிக் கலப்பை. வேர் தடுக்கினால் சட்டி சுழன்று அதன்மேல் ஏறிப் போகும். கொழு மாதிரி மாட்டிக்கொண்டு முறியாது. மீண்டும் ஒருமுறை வேர் பொறுக்கிய பின், ஸ்பிரிங் வைத்த ஒன்பது கலப்பை. ரோட்டவேட்டர் கடைசியில்தான். தூர் கிடக்கும் நிலத்தில் முதலிலேயே ரோட்டவேட்டரை விட்டால் பிளேடு முறியும். கியர் பாக்ஸும் தாங்காது.

ஒரு தடவை திருத்திவிட்டால் முடிந்தது என்று எண்ண வேண்டாம். கருவேல் விதை மண்ணுக்குள் பல ஆண்டு காத்துக் கிடக்கும். காயைத் தின்ற ஆடு மாடுகள் சாணத்தின் வழியாக அதைப் பரப்பும். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும்போது இளங்கன்றுகள் கையோடு வரும். முதல் மூன்று ஆண்டுகளுக்கு நிலத்தைத் தரிசாக விடாமல் பயிர் வைத்துக் கோடை உழவும் ஓட்டி வந்தால்தான் நிலம் உங்களுடையதாக நிற்கும்.

முதல் 50 மணி நேரம்

புது எஞ்சினின் உள் பாகங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்துவது முதல் 50 மணி நேர ஓட்டத்தில்தான். அந்த நேரத்தில் முழுப் பாரம் ஏற்றக் கூடாது. வேலையில்லாமல் நெடுநேரம் ஐட்லிங்கில் நிறுத்தியும் வைக்கக் கூடாது. புது வண்டியை நேரே முள்காட்டுக்கு ஓட்டிப் போகாமல், திருத்திய நிலத்தில் லேசான உழவுக்கு முதலில் பயன்படுத்துங்கள். பெரும்பாலான கம்பெனிகளின் முதல் சர்வீஸ் 50 மணியை ஒட்டியே வரும். அப்போது எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவார்கள். தேய்ந்து உதிர்ந்த இரும்புத் துகள் அதோடு வெளியே போய்விடும். அதன் பிறகு எத்தனை மணிக்கு ஒரு சர்வீஸ் என்பது வண்டியோடு தரும் புத்தகத்தில் இருக்கும். நாள் கணக்குப் பார்க்காமல் மீட்டர் மணியைப் பாருங்கள். இலவச சர்வீஸைத் தவறவிட்டால் வாரண்டியும் கேள்விக்குறியாகும்.

தினமும் பத்து நிமிடம்

காலையில் வண்டியைக் கிளப்புமுன் சமதரையில் நிறுத்தி ஆயில் அளவுக் கம்பியைப் பாருங்கள். டீசல் எஞ்சினில் ஆயில் சீக்கிரமே கறுப்பாவது இயல்பு. பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, வண்டியைக் கிளப்பாதீர்கள்.

ரேடியேட்டரில் கூலண்ட் அளவு பாருங்கள். நம் பகுதிக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பு. அதை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து அடைத்து, எஞ்சின் சூடேறும். பேட்டரிக்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது; கொதிநீர் முகத்தில் அடிக்கும். முள்காட்டு வேலையில் கருவேல் இலை ரேடியேட்டர் வலையில் அடைத்துக்கொள்ளும். மதியமும் மாலையும் துடைத்துவிடுங்கள்.

ஏர் ஃபில்டரில் புழுதி சேர்ந்தால் எஞ்சின் மூச்சுத் திணறும். கறும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது பாரம் அதிகம். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. டீசலை மாலையில் வேலை முடிந்ததும் நிரப்புங்கள். டேங்க் காலியாக இருந்தால் இரவில் உள்ளே நீர்த்துளி படியும். கிரீஸ் நிப்பிள், வீல் நட், டயர் காற்று ஆகியவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். ஓட்டும்போது கிளட்ச் மேல் காலை வைத்தபடியே இருக்கும் பழக்கம் கிளட்ச் பிளேட்டைத் தின்றுவிடும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். தேதி, மீட்டர் மணி, செய்த வேலை, டீசல், வரவு, செலவு. வீட்டில் படித்த மகளிடமோ மருமகளிடமோ இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் ஒழுங்காக நடக்கும். அதே வேலைக்கு மணிக்கு டீசல் கூடுகிறது என்றால் வண்டியில் ஏதோ கோளாறு என்று அந்த நோட்டே முதலில் சொல்லிவிடும்.

உயிருக்கு உலை வைப்பவை

வண்டி பழுதானால் பணத்தால் சரிசெய்யலாம். கீழ்க்கண்டவற்றில் தவறினால் ஆள் திரும்ப மாட்டார்.

1. தூரைச் சங்கிலி கட்டி இழுக்காதீர்கள். தூர் அசையாவிட்டால், பின் சக்கரம் சுற்ற முடியாமல் வண்டியின் முன்பக்கம் மேலே எழும்பிப் பின்னால் கவிழும். ஓரிரு நொடியில் நடந்துவிடும். குதிக்க நேரம் இருக்காது. எதையாவது இழுத்தே ஆக வேண்டும் என்றால் தாழ்வான டிராபாரில் மட்டும் மாட்டி, மெதுவாக இழுங்கள். மேல் லிங்கிலோ ஆக்ஸிலிலோ கட்டவே கூடாது.

2. பி.டி.ஓ. சாஃப்ட் அருகே கைலியோடு போகாதீர்கள். அது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுற்றும். கைலி முனையோ தோள் துண்டோ துப்பட்டாவோ சிக்கினால், கையை எடுக்குமுன் ஆளை இழுத்துவிடும். டிரைவருக்கு பேண்ட், மூடிய செருப்பு கட்டாயம். சாஃப்ட் மேல் உள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் போடாதீர்கள். ரோட்டவேட்டரில் கொடியோ கம்பியோ சுற்றினால் எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்த பிறகே கை வையுங்கள்.

3. மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். டிரெய்லரில் கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது.

4. சாலையில் போகும்போது இரண்டு பிரேக் பெடலையும் கொக்கியால் இணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி திரும்பிக் கவிழும்.

5. வண்டியை நிறுத்தும்போது கருவியைத் தரையில் இறக்கிவிடுங்கள். தூக்கி நிறுத்திய கருவிக்குக் கீழே யாரும் போகக் கூடாது.

கூட்டாக வாங்குவோருக்கு

வட்டிக் கடனுக்குப் போகாமல் அண்ணன் தம்பிகளோ மச்சான்மார்களோ மூன்று நான்கு பேர் பணம் போட்டு வாங்குவது நல்ல வழி. ஓட்ட மணியும் கூடும், செலவும் பகிரும். ஆனால் சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்வதுதான் நம் மார்க்கம். ஆர்.சி. யார் பெயரில், யாருக்கு எத்தனை பங்கு, மழை பெய்த முதல் வாரத்தில் எந்த வரிசையில் யார் நிலத்தில் ஓடும், டீசல் யார் போடுவது, பழுதானால் யார் செலவு, ஒருவர் விலக விரும்பினால் அவர் பங்குக்கு என்ன விலை, இத்தனையும் ஒரு தாளில் இருக்கட்டும். வாடகை வரவில் மணிக்கு ஐம்பது ரூபாயாவது தனியே எடுத்து வைத்தால், டயர் மாற்றும் நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிராது.

இவ்வளவும் யோசித்த பிறகு, "இந்த ஆண்டு வாடகைக்கே எடுப்போம்" என்று ஒருவர் முடிவெடுத்தால் அதில் குறைவு எதுவும் இல்லை. நமக்கு வேண்டியது வாசலில் நிற்கும் வண்டியல்ல, விளையும் நிலம். வண்டி வாங்கியே தீருவது என்றால், முதல் நாள் மீட்டர் காட்டும் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதித் தொடங்குங்கள்.