வாசிக்கத் தடக்கும் பிள்ளை

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் தரம் 3க்கு வந்தும் ஒரு பந்தியை வாசித்து முடிக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அரிச்சுவடி மனப்பாடம். ‘க, கா, கி, கீ’ என்று வரிசையாகச் சொல்வார்கள். ‘கீ’யை மட்டும் தனியே எழுதிக் காட்டினால் விழிப்பார்கள். ஆகவே முதல் வேலை, பக்கத்தில் இருந்து வாசிக்கச் சொல்லி, எங்கே தடக்குகிறது என்று கேட்பது.

கூடுதலாகத் தடக்குவது கொம்பிலே. எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பின் ஒலி பின்னால்தான் வருகிறது; ‘கொ’வில் கொம்பு ஒருபுறம், அரவு மறுபுறம். ‘கொடி’யை ஒரு பிள்ளை ‘கெடி’ என்னும், இன்னொன்று ‘காடி’ என்னும். இதற்காக 247 எழுத்தையும் கொப்பியில் திரும்ப எழுதவைப்பதில் பயனில்லை. கொடி, பொடி, மொட்டு, தொட்டில் என்று நாலைந்து சொற்களை மட்டைத்துண்டுகளில் எழுதிக் கலைத்துக் கொடுத்து, தினமும் பத்து நிமிடம் வாசிக்கவைத்தால் போதும். படத்தைப் பார்த்து ஊகிக்கும் பிள்ளையும் உண்டு: ‘சேவல்’ என்று எழுதியிருக்கும், ‘கோழி’ என்று வாசிக்கும். படத்தைக் கையால் மறைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், பாலபாடங்களைப் படிப்படியாகவே எழுதினார். அந்தப் படிகளில் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்துதான் ஏற்றவேண்டும். ஆனால் தரம் 4 பிள்ளையின் கையில் தரம் 1 புத்தகத்தைக் கொடுத்தால் அது கூசிப்போகும். அதன் வாய்ச்சொல்லையே பாடமாக்குவது நல்லது. “அம்மம்மா வீட்டை போனனாங்கள், அங்கை ஆட்டுக்குட்டி நிண்டது” என்று சொன்னால், அப்படியே எழுதி வாசிக்கக் கொடுக்கவேண்டும். தான் சொன்னது என்பதால் அடுத்த சொல் மனதில் இருக்கும். கண் அதை எழுத்தில் தேடும். ‘நின்றது’ என்ற திருத்தம் சில நாள் பொறுக்கலாம்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து இந்தப் பிள்ளைகளையும் ரியூசனுக்கு அனுப்புவது பெருந்தீங்கு. வினாவையே வாசிக்க முடியாத பிள்ளை மாதிரி வினாத்தாளில் விடையை ஊகித்துக் கீறத்தான் பழகும்.

கரும்பலகையில் உள்ளதைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறதா என்பதையும் கவனிக்கவேண்டும். எழுதினால் முன்வரிசையில் இருத்தி, கண்ணைச் சோதிப்பிக்கவேண்டும். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்குக் கதை வாசிக்கும் பொறுப்பைக் கொடுக்கலாம். சின்னப் புத்தகத்தை எடுக்க அப்போது வெட்கம் இராது.