மீட்டர் நல்லதென்று சொன்ன காயில்

இக்னிஷன் காயிலின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, கையேட்டில் அச்சிட்டிருக்கும் ஓம் அளவும் திரையில் தோன்றும் அளவும் ஒத்துவிட்டால் அந்தக் காயிலில் யாதொரு தோஷமும் இல்லை என்று தீர்மானித்துவிடுவது, ஒர்க்ஷாப்புகளிலும் தம் வண்டியைத் தாமே பரீட்சிக்கத் துணிந்தவர்களிடத்தும் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. இதில் பாதிதான் உண்மை.

மீட்டர் தன் உள்ளிருக்கும் சிறு பாட்டரியிலிருந்து சில வோல்ட் மட்டுமே செலுத்தித் தடையை அளக்கிறது. அதே காயிலோ, எஞ்சின் ஓடும்போது பிளக்கில் பொறி பறக்கச் செய்வதற்காக 10,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தன் கம்பிச் சுற்றுகளுக்குள்ளே தாங்கவேண்டியிருக்கிறது. கம்பியின்மேல் பூசிய இன்சுலேஷன் ஓரிடத்தில் நலிந்திருந்தால், மீட்டரின் சொற்ப வோல்ட்டுக்கு அது பழுதற்ற சுவராகவே நிற்கும்; முழு அழுத்தமும் வந்து மோதும்போது, அதிலும் உஷ்ணம் ஏறிய பின்பு, பொறி அங்கேயே உள்ளுக்குள் பாய்ந்துவிடும். காலையில் ஒரே உதையில் கிளம்பி, வெகுதூரம் ஓடியபின் மிஸ்ஸிங் ஆகி நின்று, ஆறியதும் ஒன்றுமே நடவாததுபோல் மறுபடி கிளம்புகிற வண்டியில், வீட்டுக்கு வந்து நிதானமாக அளந்த எண்ணை நம்பிக் காயிலை விடுவிப்பது நியாயமாகாது. வண்டி நின்ற மாத்திரத்தில் சூட்டோடு அளக்கவேண்டும். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், நல்லதென்று தெரிந்த வேறொரு காயிலை மாட்டி ஓட்டிப் பார்ப்பதே பிரத்தியட்சமான பரீட்சை.

இதற்கு நேர்மாறான அநியாயமும் நடக்கிறது. பிளக் கேப்பைக் கழற்றாமலே காயிலின் உயரழுத்தச் சுற்றான செகண்டரியை அளந்து, கேப்பினுள்ளே வழக்கமாக இருக்கும் ஏறக்குறைய 5 கிலோ ஓம் தடையையும் காயிலின் கணக்கிலேயே சேர்த்து, 'காயில் போய்விட்டது' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். தாழ்வழுத்தச் சுற்றான பிரைமரியின் தடை பல வண்டிகளில் ஓர் ஓமுக்கும் குறைவு. மீட்டரின் இரு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டால் திரையில் தெரியும் 0.3 ஓமையோ 0.4 ஓமையோ கழிக்காவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. அன்றாடக் கூலியை நம்பி வண்டி ஓட்டுகிறவர், கெடாத பொருளுக்கு மாற்று வாங்கிச் செலவழிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

ஒயரில் பீப் ஒலி கேட்டால் இணைப்பு சரி என்பதும் பாதி உண்மையே. பல இழைகள் அறுந்து ஒற்றை இழை எஞ்சியிருந்தாலும் மீட்டர் ஒலிக்கும். விளக்கோ மோட்டாரோ வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒயரின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்டை அளந்தால்தான் குட்டு வெளிப்படும். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் நஷ்டமாகிறதென்றால் அந்த ஒயரையோ இணைப்பையோ கவனித்தாகவேண்டும்.

எஞ்சினின் சுழற்சியை உணரும், மூன்று ஒயர் கொண்ட ஹால் சென்ஸாரினுள் இருப்பது மின்னணுச் சுற்று. அதில் ஓம் அளப்பதற்கு அர்த்தமில்லை. காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு, சாவியைப் போட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றுகையில் சமிக்ஞை ஒயரில் வோல்ட் ஏறி இறங்குகிறதா என்றே பார்க்கவேண்டும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் உஷ்ணத்தை அறிவிக்கும் சென்ஸார் விஷயத்திலோ ஓம் அளவு விசுவாசத்துக்கு உரியது. அதைக் கழற்றி, வெப்பமானியோடு ஒரு பாத்திரத் தண்ணீரில் அமிழ்த்திச் சூடேற்றினால், 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம் காட்டியது 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு, நடுவே எங்கும் துள்ளாமல், இறங்கி வருவதைக் காணலாம்.